ரியூப் லைற்றுக்குத் திரி இல்லை

மண்ணெண்ணெய் விளக்கோடு வளர்ந்த எமக்கு வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளை படிக்கும்போது திரியைச் சற்று ஏற்றுவோம். படுக்கும் நேரம் இறக்கிவிடுவோம். 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தது. அந்த நாட்களில் எமது பெண்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு, எண்ணெய் போதுமளவுக்கு மட்டும் சுடரை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

இன்று கொழும்பில் வாடகை அறைகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் வாழும் எமக்கு அந்தக் கட்டுப்பாடு கைநழுவிப் போய்விட்டது போலத் தோன்றுகின்றது. சுவரின் உச்சியில் நாலடி ரியூப் லைற் ஒன்று. சுவிச்சைப் போட்டால் அறை முழுவதும் வெள்ளை வெளிச்சம். நிறுத்தினால் முழு இருட்டு. இடையில் எதுவும் இல்லை. தைக்கும் தாய்க்கு அந்த வெளிச்சம் போதாது. அதே அறையில் நித்திரை கொள்ளும் குழந்தைக்கு அது மிகையாக இருக்கும். மாத முடிவில் பட்டியல் வேறு வரும்.

இந்த வெளிச்சத்தை எமது தேவைக்கு ஏற்ப எவ்வாறு கட்டுப்படுத்தலாம், எவற்றைச் செய்யக் கூடாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தெமட்டகொடையில் வெளிச்சம் ஏன் பிரச்சினை?

இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கின. வாடகை சற்றுக் குறைந்த இடம் தேடியவர்கள் தெமட்டகொடை போன்ற பகுதிகளுக்கும் வந்தார்கள். பேஸ்லைன் வீதியின் வாகனப் புகையும், புகையிரத எஞ்சின் கொட்டகையின் பக்கமிருந்து வரும் தூசியும் யன்னலைத் திறந்து வைக்க விடுவதில்லை. ஒழுங்கைகளில் வீட்டோடு வீடு ஒட்டியிருப்பதால் பகலிலேயே பல அறைகளில் விளக்குப் போட வேண்டியுள்ளது. மிஹிந்துசென்புர போன்ற தொடர்மாடிகளில் வாழ்வோருக்கும் நடுவில் அமைந்த அறைகளில் இதே நிலைதான்.

இப்படியான அறைகளில்தான் எமது சகோதரிகள் பலர் தையல், பூத்தையல், பொத்தான் கட்டுதல், சாறி போல்ஸ் அடித்தல் போன்ற சுயதொழில்களைச் செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்துகின்றனர். துணையை இழந்த, அல்லது துணை எங்கே என்று தெரியாத பெண்ணுக்குக் கண்ணும் கையுந்தான் முதல். கண் களைத்தால் வேலை பிழைக்கும். வேலை பிழைத்தால் அடுத்த ஓடர் கிடையாது. எனவே இது வசதியைப் பற்றிய பேச்சு அல்ல, சீவியத்தைப் பற்றிய பேச்சு.

ரியூப் எவ்வாறு எரிகின்றது?

பழைய மஞ்சள் குமிழுக்குள் ஒரு மெல்லிய கம்பி இருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் அது சூடேறி ஒளிர்ந்தது. மின்சாரத்தைக் குறைத்தால் சூடு குறையும், வெளிச்சமும் மெல்ல மெல்லக் குறையும். அதனால்தான் அந்தக் குமிழுக்குத் திருகி ஒன்றைப் பொருத்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. இதையே டிமர் சுவிச் என்கின்றோம்.

ரியூப் லைற் வேறு சாதி. கண்ணாடிக் குழாய்க்குள் மிகச் சிறிதளவு பாதரச ஆவி இருக்கின்றது. இரு முனைகளிலும் உள்ள கம்பிகள் சூடாகி மின்னணுக்களை வெளிவிட, அவை குழாய்க்குள் ஓடிப் பாதரச ஆவியில் மோதுகின்றன. அதிலிருந்து எமது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பிறக்கின்றது. குழாயின் உட்புறம் பூசப்பட்டுள்ள வெள்ளைப் பூச்சு அக்கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றித் தருகின்றது. ஸ்ராட்டர் தொடக்கி வைக்கின்றது. சோக் மின்சாரம் அளவுமீறிப் பாயாமல் தடுக்கின்றது. 1938இல் அமெரிக்காவில் முதன்முதலில் விற்பனைக்கு வந்த இந்த விளக்கு, குறைந்த மின்சாரத்தில் கூடிய வெளிச்சம் தருவதால் உலகெங்கும் பரவியது.

இப்போது சிக்கல் புரியும். சோக் போட்ட ரியூப்புக்குச் செல்லும் மின்சாரத்தைச் சாதாரண டிமரால் குறைத்தால் முனைக் கம்பிகளின் சூடு போதாமற் போகும். குழாய் துடிக்கும், முனைகள் கறுக்கும், சில வேளை அணைந்தே போகும். சோக் மிகையாகச் சூடேறவும் கூடும். மின்விசிறியின் ரெகுலேற்றரை விளக்குக்குத் தொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சுருள் வடிவச் சி.எஃப்.எல். குமிழ்களும் குட்டி ரியூப்களே. "டிமர் பொருத்தலாம்" என்று பெட்டியில் அச்சிடப்படாத சி.எஃப்.எல். குமிழை டிமரில் போட்டால் அது விரைவில் பழுதாகும். உள்ளேயுள்ள பாகங்கள் சூடேறித் தீப்பிடிக்கவும் இடமுண்டு.

ரியூப்பின் வெளிச்சத்தைக் குறைக்கவே முடியாதா? முடியும். அதற்கென்று தனியான இலத்திரனியல் சோக் உண்டு. முனைக் கம்பிகளின் சூட்டைக் குறையவிடாமல் வைத்துக்கொண்டு, குழாயினூடு ஓடும் மின்சாரத்தை மட்டும் அது குறைக்கும். பெரிய மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் இதைப் பயன்படுத்தினார்கள். விலையும் கூட, தனி வயரும் இழுக்க வேண்டும். வாடகை அறைக்கு இது பொருந்தாது. எமக்கு வேறு வழிகள் உள்ளன.

1. விளக்கைக் கிட்டக் கொண்டு வருதல்

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளப்பார்கள். ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சம் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 1 லக்ஸ். ஐரோப்பிய வேலைத்தல விதிமுறைகள் தையலுக்கு 750 லக்ஸ் வேண்டும் என்கின்றன. சுவர் உச்சியில் உள்ள ஒற்றை ரியூப்பின் வெளிச்சம் தையல் மேசைக்கு வந்து சேரும்போது இதில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சின்னக் குமிழ் ஒன்றின் தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். நாலடி ரியூப்புக்கு இழப்புச் சற்றுக் குறைவு. எனினும் ஒரு மீற்றர் உயரத்தில் உள்ள ரியூப்பை அரை மீற்றருக்கு இறக்கினால் மேசையில் விழும் வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். அறையில் இன்னொரு ரியூப் போடுவதை விட, இருப்பதை இறக்குவது மேல். இறக்க முடியாத வீட்டில் மேசையை விளக்குக்குக் கீழே நகர்த்தலாம். அதுவும் முடியாவிட்டால் செருகியில் போடும் சிறு எல்.ஈ.டி. மேசை விளக்கொன்றை மெசினருகே வைக்கலாம். சுவரில் ஆணி அடிக்கவோ வயரில் கைவைக்கவோ தேவையில்லாததால் வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதியும் இதற்கு வேண்டியதில்லை.

வலக்கையால் வேலை செய்பவர்கள் விளக்கை இடப்பக்கத்தில் வைத்தால் கையின் நிழல் ஊசியில் விழாது. இடக்கைக்காரருக்கு இது மாறி வரும். வெறும் ரியூப் நேரே கண்ணில் படும்படி உட்கார வேண்டாம்.

2. மறைத்தல், பிரித்தல்

ஒரே அறையில் தாய் தைக்க, பிள்ளை நித்திரை கொள்ள வேண்டியிருப்பின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கை மட்டும் எரிய விடுங்கள். படுக்கைப் பக்கம் வெளிச்சம் போகாதபடி விளக்கின் மூடியைத் திருப்புங்கள். இடையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினாலும் போதும். ஆனால் விளக்கின் மேலோ சோக்கின் மேலோ துணி, கடதாசி, பொலித்தீன் எதையும் சுற்றக் கூடாது. சூடு வெளியேற வழியில்லாமற் போனால் அது தீயில் முடியலாம்.

ஒரே சுவிச்சில் இரண்டு ரியூப்கள் எரியும் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிச் போட்டுத் தரும்படி வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்கலாம். இரண்டும் எரிந்தால் முழு வெளிச்சம், ஒன்று எரிந்தால் அரை வெளிச்சம். இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மின்னியலாளரே செய்ய வேண்டும்.

3. துடைத்தல், வெள்ளையடித்தல்

தூசி படிந்த ரியூப் மின்சாரத்தை முழுதாகக் குடித்துவிட்டு வெளிச்சத்தைக் குறைத்தே தரும். மாதம் ஒரு தடவை சுவிச்சை நிறுத்தி, குழாய் ஆறிய பின்னர் உலர்ந்த துணியால் துடையுங்கள். கதிரையின் மேல் கதிரை வைத்து ஏற வேண்டாம். சுவரும் கூரையின் உட்புறமும் வெள்ளையாக இருந்தால் விழும் வெளிச்சம் திரும்பி வந்து அறையில் பரவும். வெள்ளையடிக்க வசதியில்லாதவர்கள் மேசைக்குப் பின்னாலுள்ள சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டினாலும் வேறுபாடு தெரியும்.

துடிப்பும் தலையிடியும்

எமது மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகின்றது. பழைய இரும்புச் சோக்கில் எரியும் ரியூப்பின் வெளிச்சம் இதனால் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றது. கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஆனால் உடலுக்குத் தெரிகின்றது. பிரித்தானியாவில் அலுவலகமொன்றில் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், இரும்புச் சோக்குக்குப் பதிலாகத் துடிப்பற்ற உயர் அதிர்வெண் சோக்கைப் பொருத்தியபோது ஊழியர்களின் தலையிடியும் கண் களைப்பும் சராசரியாக அரைவாசிக்கும் மேல் குறைந்தமை கண்டறியப்பட்டது. மாலையில் வழக்கமாகத் தலையிடி வரும் சகோதரிகள் பனடோலைத் தேடுமுன் ஒருமுறை விளக்கையும் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

வேகமான தையல் இயந்திரம் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். துடிக்கும் வெளிச்சத்தில், சுழலும் சக்கரம் மெதுவாகச் சுற்றுவது போலவும் நிற்பது போலவும் கண்ணை ஏமாற்றக்கூடும். நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை விடுவது ஆபத்து. மெசினருகே துடிப்பில்லாத சிறு விளக்கொன்று இருந்தால் இந்த மயக்கம் வராது.

ரியூப் கண்ணுக்குத் தெரியவே துடித்தால், அல்லது முனைகள் கறுத்திருந்தால், குழாயோ ஸ்ராட்டரோ முடியும் தறுவாயில் உள்ளது என்று அறிக. சோக்கில் எரிந்த மணம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

வெளிச்சம் கூட்டியும் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையா? குறை விளக்கில் இல்லாமல் கண்ணிலும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. அறுபது வயதில் விழித்திரையைச் சென்றடையும் வெளிச்சம் இருபது வயதில் சென்றடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனவே அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் மகளை விடக் கூடிய வெளிச்சம் வேண்டும். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் இலவசமாகக் கண்ணைச் சோதிக்கலாம்.

பெட்டியில் உள்ள எண்கள்

ரியூப்பின் முனையில் 765, 840, 865 என்று ஏதாவதொரு மூன்று இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இலக்கம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்கின்றது. 8 என்றால் நல்லது, 7 என்றால் அதற்குக் கீழ். பின்னிரண்டு இலக்கங்கள் வெளிச்சத்தின் சாயலைச் சொல்கின்றன. 65 என்றால் நீலம் கலந்த பகல் வெள்ளை, 40 என்றால் நடுத்தர வெள்ளை, 27 என்றால் பழைய குமிழின் மஞ்சள். நூலும் துணியும் நிறம் பார்த்துச் சேர்ப்பவர்கள் 8இல் தொடங்கும் விளக்கையே வாங்க வேண்டும். எந்த விளக்கானாலும் கலியாண வேலைகளுக்கு நிறம் பொருத்தும்போது ஒருமுறை பகல் வெளிச்சத்திலும் பார்த்துவிடுவது நல்லது.

பட்டியலைப் பார்ப்போம்

36 வொற் ரியூப்பும் இரும்புச் சோக்கும் சேர்ந்து ஏறத்தாழ 45 வொற் எடுக்கும். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் எரிந்தால் 30 நாட்களில் 10.8 அலகு. அதே நீளமுள்ள 18 வொற் எல்.ஈ.டி. ரியூப் 4.3 அலகுதான் எடுக்கும். 5 வொற் மேசை விளக்காயின் 1.2 அலகு. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 அலகுகள் என்ற படிகளில் உயர்ந்து செல்கின்றது. ஒரு படியைச் சற்றே தாண்டினாலும் பட்டியல் பாய்ந்துவிடும். ஆகவே படியின் ஓரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த ஆறு ஏழு அலகுகள் பெரிய விடயம். மின்மானியை வாரம் ஒருமுறை வாசித்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். வீட்டுச் சொந்தக்காரர் தனி மானி வைத்துப் பணம் அறவிடுவாராயின் அந்தக் கொப்பியே உங்கள் சாட்சி.

எல்.ஈ.டி.க்கு மாறும்போது

ரியூப் லைற்றின் காலம் முடிந்து வருகின்றது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. அந்த உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, பொது வெளிச்சத்துக்கான ரியூப் லைற்றுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டுடன் நிறுத்தத் தீர்மானித்தன. எனவே இனிப் புதிதாகச் சோக் வாங்கிப் போடுவதை விட எல்.ஈ.டி.க்கு மாறுவது புத்தி.

இதிலும் சில கவனங்கள் உண்டு. பழைய பட்டியில் எல்.ஈ.டி. ரியூப்பைப் போடும்போது ஸ்ராட்டரைக் கழற்ற வேண்டும். சில வகைகளுக்கு வயரையும் மாற்ற வேண்டும். ஆகவே பெட்டியில் உள்ள படத்தை மின்னியலாளரிடம் காட்டுங்கள். எல்லா எல்.ஈ.டி. குமிழ்களும் டிமருக்குப் பொருந்துவதில்லை. பொருந்தும் என்று அச்சிடப்பட்டவை மட்டுமே பொருந்தும். டிமர் இல்லாமலே சுவிச்சை நிறுத்தி மறுபடி போடும்போது முழுமை, அரைவாசி, மங்கல் என மாறும் குமிழ்களும் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்சாதனக் கடைகளில் வாங்கும்போது எரித்துக் காட்டச் சொல்லி, உத்தரவாத அட்டையில் திகதி போட்டு வாங்குங்கள். எமது சேமிப்புக் குழுக்கள் ஒன்றாகச் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும், பழுதானால் மாற்றிக் கேட்கும் துணிவும் கூடும்.

ரியூப் உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னல்களைத் திறந்து, கால் மணித்தியாலம் அறையை விட்டு விலகி நில்லுங்கள். தும்புத்தடியால் கூட்ட வேண்டாம். தூள் எங்கும் பரவும். தடித்த மட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் ரேப்பால் ஒற்றி எடுத்து, ஈரக் கடதாசியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் இட்டு மூடுங்கள். பழைய ரியூப்பைக் குப்பையோடு எரிக்கவே கூடாது.

இரவு வெளிச்சம்

எமது சகோதரிகளில் சிலருக்கு இருட்டில் நித்திரை வருவதில்லை. செல் விழுந்த இரவுகளும், சுற்றிவளைப்பில் கதவு தட்டப்பட்ட இரவுகளும், கடைசி நாட்களின் இரவுகளும் உடலை விட்டு எளிதில் போகா. அதனால் சிலர் விடிய விடிய ரியூப்பை எரிய விடுகின்றனர். வேறு சிலருக்கோ மேலிருந்து அடிக்கும் வெள்ளை வெளிச்சமே முகாமை நினைவூட்டுகின்றது. இரண்டும் வெட்கப்பட வேண்டிய விடயங்கள் அல்ல.

இரவு முழுவதும் எரியும் வெள்ளை வெளிச்சம் நித்திரைக்கான சுரப்பைக் குறைத்துவிடுகின்றது. நித்திரை கெட்டால் பயமும் மறுநாட் களைப்பும் கூடும். ஆகவே ரியூப்பை அணைத்துவிட்டு, ஒரு வொற்றுக்கும் குறைந்த மஞ்சள் நிறச் சிறு விளக்கொன்றைக் கட்டிலை விடத் தாழ்வாக, கண்ணில் நேரே படாதபடி வையுங்கள். கதவும் வழியும் தெரிந்தால் போதும். கையெட்டும் தூரத்தில் ஒரு ரோர்ச் இருக்கட்டும். எழும்பிப் பார்க்க நினைத்தால் பார்க்கலாம் என்ற நிச்சயமே பலருக்கு ஆறுதல் தரும். மாதம் முழுவதும் எரிந்தாலும் அந்தச் சிறு விளக்கு அரை அலகைக்கூடத் தாண்டாது.

விளக்கு எதுவானாலும் கிழமைக்கணக்காக நித்திரை வராதிருந்தாலோ, கெட்ட கனவுகள் தொடர்ந்தாலோ வைத்திய உதவியை நாட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

இன்று மாலை வேலைக்கு உட்காருமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வழக்கமான இடத்தில் ஒரு துண்டுக் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பத்துத் தையல் போடுங்கள். பின்னர் மேசையை விளக்கின் கீழே நகர்த்தியோ, சிறு விளக்கை இடப்பக்கத்தில் வைத்தோ இன்னும் பத்துப் போடுங்கள். இரண்டையும் மறுநாட் காலை யன்னலோரம் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பக்கத்து அறைச் சகோதரிக்கும் காட்டுங்கள்.